15,344 கிலோமீட்டர் பயணத்துக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள நியூவர்க் விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தூரம் 15,344 கிலோமீட்டர். எங்கள் மகள் திருமணமாகி எடிசன் நகரில் குடியேறியதிலிருந்து நானும் என் மனைவியும் இந்தத் தூரத்தைத் தொடர்ந்து கடந்து வருகிறோம். பிள்ளைகளைப் பார்க்க முதன்முறையாக அமெரிக்கா கிளம்பும் நண்பர்களும் உறவினர்களும் எங்களிடம் முதலில் கேட்பது, மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைத்தான். தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்து ஒரு விடையைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த விடையை நம்பி மாத்திரை வேளைகளையும், மகள் விமான நிலையத்துக்கு வர வேண்டிய நேரத்தையும், அங்கே போய்ச் சேர்ந்த முதல் நாளையும் திட்டமிட்டால் எல்லாமே தடுமாறிப் போகும். தூரம் எவ்வாறு நேரமாக மாறுகிறது என்பதை அறிந்துகொண்டு கிளம்புவதுதான் வயதானவர்களுக்கு நல்லது என்று நான் உறுதியாக நம்புவதால், எங்கள் அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த இரண்டு நிலையங்களுக்கும் இடையிலான தூரத்தை எவரும் வீட்டில் உட்கார்ந்தபடியே கணக்கிட்டுவிடலாம். சிங்கப்பூர் ஏறத்தாழ கிழக்கு 104 பாகையிலும், நியூவர்க் மேற்கு 74 பாகையிலும் உள்ளன. இரண்டையும் கூட்டினால் 178 பாகை, அதாவது ஒன்றுக்கு நேர் பின்புறத்தில் மற்றொன்று இருக்கிறது என்றே சொல்லிவிடலாம். ஆகவே பூமி உருண்டையின் மீது இவ்விரு ஊர்களையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்தால், அந்த நூல் கிழக்கேயும் போகாமல் மேற்கேயும் போகாமல் வட துருவத்தை ஒட்டியே செல்லும். சாங்கி நிலையம் வடக்கு அட்சரேகை 1.4 பாகையிலும், நியூவர்க் 40.7 பாகையிலும் இருப்பதால், துருவத்துக்கு ஏறுவதற்கு 88.6 பாகையும் அங்கிருந்து இறங்குவதற்கு 49.3 பாகையும் ஆக மொத்தம் சுமார் 138 பாகை வருகிறது. ஒரு பாகைக்கு ஏறக்குறைய 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கிப் பார்த்தால் 15,345 கிலோமீட்டர் கிடைக்கிறது. வெளியிடப்பட்டுள்ள தூரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. பள்ளியில் படிக்கும் என் பேத்திக்கு இந்தக் கணக்கைச் செய்து காட்டியபோது, தட்டையான வரைபடத்தில் பசிபிக் பெருங்கடலை மட்டுமே பார்த்துப் பழகியிருந்த அவள், உருண்டையைத் திருப்பித் திருப்பி வைத்து நீண்ட நேரம் நூலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் விமானம் அந்த நூலின் வழியே போவதில்லை என்பதுதான் இதில் முக்கியமான செய்தி. துருவத்தை ஒட்டிய பாதை மிகக் குறுகியது, ஆனால் மிக விரைவானதாக அமைவதில்லை. நடு அட்சரேகைப் பகுதிகளில், ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டுவதுண்டு. காற்றின் துணை இல்லாமல் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் 15,344 கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் பதினேழு மணி நேரம் ஆகும். அதே விமானம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகச் சுற்றிச் சென்றாலும், சராசரியாக மணிக்கு 100 கிலோமீட்டர் வேகமுள்ள பின்காற்று கிடைத்தால், 16,500 கிலோமீட்டரைப் பதினாறரை மணி நேரத்தில் கடந்துவிடும். அதனால்தான் நாங்கள் போகும் விமானம் பெரும்பாலும் ஜப்பான் பக்கமாக ஏறி, வட பசிபிக்கைக் கடந்து, அலாஸ்கா, கனடா வழியாக இறங்குகிறது. திரும்பும்போது சில நாட்களில் துருவத்தை ஒட்டியும், சில நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகவும் வருகிறது. இவ்விரு நகரங்களும் ஒன்றுக்கொன்று எதிர்ப்புறத்தில் இருப்பதால், போகும்போதும் வரும்போதும் கிழக்கு நோக்கியே பறந்து, இரண்டு முறையும் பின்காற்றைப் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது. சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே பறப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் போகும்போது எதிர்காற்றில் இழக்கும் நேரத்தை வரும்போதுதான் ஓரளவு ஈடுசெய்ய முடியும்.

பாதை அன்றாடம் மாறும் என்பதால் பயண நேரமும் மாறுகிறது. பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் நேரம் வாயிலிலிருந்து வாயிலுக்கு என்று கணக்கிடப்படுவது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், வரிசையில் காத்திருப்பதும், இறங்கிய பிறகு நிறுத்துமிடத்துக்கு வருவதும் அதற்குள் அடக்கம். காற்று எவ்வளவு மாறினாலும் பெரும்பாலான நாட்களில் தாமதமாகாதபடி அதில் சிறிது உபரியும் சேர்த்திருப்பார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூவர்க்குக்கான இடைநில்லாச் சேவையை 2018 அக்டோபர் 11 அன்று மீண்டும் தொடங்கியபோது, அட்டவணையில் பதினெட்டரை மணி நேரத்தை ஒட்டி இருந்த முதல் பயணம் பதினெட்டு மணி நேரத்துக்குள் முடிந்து, விமானம் விடியற்காலை ஐந்தரைக்கே தரையிறங்கிவிட்டது. இது மகிழ்ச்சியான செய்திதான். ஆயினும், அழைத்துச் செல்ல வருபவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, சீட்டில் உள்ள நேரத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டாம், விமானம் மேலெழுந்த பிறகு செயலியில் தெரியும் தரையிறங்கும் நேரத்தைப் பாருங்கள், அதோடு குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டிகளுக்கும் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான். என் மருமகன் அதிகாலை நான்கு மணிக்கே எழுந்து வந்து வாகன நிறுத்துமிடத்தில் குளிரில் காத்திருப்பதை விட, நாங்கள் வெளியே வந்து பத்து நிமிடம் நிற்பது எவ்வளவோ மேல்.

இந்தத் தடத்தின் வரலாறும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றே. 2004-இல் நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்தில் இச்சேவை முதலில் தொடங்கியது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் நின்றது. இப்போது பறப்பது இரட்டை இயந்திர ஏ350-900 விமானத்தின் மிக நீண்ட தூர வடிவம். அதன் எரிபொருள் கொள்ளளவு 1,41,000 லிட்டரிலிருந்து 1,65,000 லிட்டராக உயர்த்தப்பட்டது. எடையைக் குறைப்பதற்காக மொத்தமே 161 இருக்கைகள், அவற்றில் 67 வணிக வகுப்பு, 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பு அதில் இல்லவே இல்லை. ஆகவே இடைநில்லா விமானத்தில் போவதா, ஓரிடத்தில் இறங்கி ஏறுவதா என்பது பணத்தையும் சார்ந்த கேள்வி என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நாங்கள் இரண்டு வழிகளிலும் போயிருக்கிறோம். சாதாரண எகானமியில் போக விரும்பினால், அதே நிறுவனத்தின் விமானம் பிராங்க்ஃபர்ட் வழியாக நியூயார்க் கென்னடி நிலையத்துக்குச் செல்கிறது. சிங்கப்பூரிலிருந்து பிராங்க்ஃபர்ட் ஏறத்தாழ 10,300 கிலோமீட்டர், அங்கிருந்து நியூயார்க் 6,200 கிலோமீட்டர், ஆக மொத்தம் 16,500 கிலோமீட்டர். நேர் தூரத்தை விட ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் அதிகம், இடைநில்லா விமானம் உண்மையில் சுற்றிச் செல்லும் தூரத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய சமம் என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் பயணம் இருபத்து நான்கு மணி நேரத்தைத் தொடுகிறது. அந்தக் கூடுதல் நேரம், ஒரு முறை கூடுதலாக இறங்குவதிலும் ஏறுவதிலும், தரையில் காத்திருப்பதிலும், ஜெர்மனியிலிருந்து மேற்கு நோக்கி எதிர்காற்றில் பறப்பதிலும் போகிறது. பிராங்க்ஃபர்ட்டில் எல்லோரும் கைப்பையுடன் இறங்கி, நீண்ட நடைபாதைகளைக் கடந்து, மறுபடியும் பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டும். முழங்கால் வலியுள்ள என் மனைவிக்குப் பதின்மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகு கிடைக்கும் அந்த நடை நன்மையாகவே இருந்தது. ஆனால் தூக்கம் கலைந்த நிலையில் வரிசையில் நின்றது அவளைச் சோர்வடையச் செய்தது. மேலும் கென்னடி நிலையத்திலிருந்து எடிசனுக்கு வர நியூயார்க் நகர நெரிசலைத் தாண்ட வேண்டும், நியூவர்க்கில் இறங்கினால் விமான நிலையத்தின் ரயில் நிலையத்திலிருந்தே எடிசன் செல்லும் தடத்தில் ஏறிவிடலாம். விமானக் கட்டணத்தை ஒப்பிடும்போது இந்தக் கடைசி ஐம்பது அறுபது கிலோமீட்டரையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். நடக்கக்கூடியவர்களுக்கும், விலை முக்கியம் என்பவர்களுக்கும் ஓரிடத்தில் இறங்கும் பயணமே பொருத்தமானது. மறதியோ நடைத் தடுமாற்றமோ உள்ள பெரியவர்களைத் தனியாக அனுப்புவதாக இருந்தால், கடன் வாங்கியாவது இடைநில்லா விமானத்தில் அனுப்புங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

சென்னையிலிருக்கும் என் சித்தப்பா மகள் ஒருமுறை, "அண்ணா, நான் சிங்கப்பூர் வந்து உங்களோடு சேர்ந்தே அமெரிக்கா போய்விடலாமா?" என்று கேட்டாள். துணைக்கு ஆள் இருக்கும் என்ற ஆசை நியாயமானதே. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், சென்னையிலிருந்து நியூவர்க்குக்கு நேர் தூரம் சுமார் 13,500 கிலோமீட்டர். லண்டன் வழியாகப் போனால் 13,800 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், ஏனெனில் லண்டன் அந்த நேர்ப்பாதையிலிருந்து அதிகம் விலகியிருக்கவில்லை. சிங்கப்பூருக்கு வருவதோ 2,900 கிலோமீட்டர், அதன் பிறகு 15,344 கிலோமீட்டர், ஆக 18,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரப் பறத்தல் வீணாகும். இடையில் இறங்கும் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது அது நேர்ப்பாதைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று உருண்டையில் பார்ப்பது மிகவும் பயனுள்ள பழக்கம். அவளை லண்டன் வழியாகவே வரச் சொன்னேன். இரண்டு விமானங்களும் ஒரே பதிவில், ஒரே பயணச்சீட்டில் இருக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்தினேன். தனித்தனியாக வாங்கினால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும் கேட்பதற்கு ஆளிருக்காது. இடையில் இறங்கும் நாட்டில் நம் கடவுச்சீட்டுக்கு இடைவழி விசா தேவையா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவுக்குள்ளேயே இன்னொரு விமானம் பிடிக்க வேண்டியவர்கள், முதலில் இறங்கும் அமெரிக்க நிலையத்திலேயே குடிநுழைவை முடித்து, பெட்டிகளை எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதால், அங்கே மூன்று மணி நேர இடைவெளியாவது இருக்கும்படி பதிவு செய்வது நல்லது.

இனி நேரத்தின் மற்றொரு பக்கத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும் மாதங்களில், அதாவது மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை, சிங்கப்பூருக்கும் நியூ ஜெர்சிக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வேறுபாடு. முள் கடிகாரம் கட்டியிருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம், காலை எட்டு இரவு எட்டாகிவிடுகிறது, அவ்வளவுதான். குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் கூடிப் பதின்மூன்றாகிறது. இந்தப் பன்னிரண்டு மணி நேர வேறுபாடு நீரிழிவு உள்ள என் மனைவிக்குப் பேருதவியாக அமைந்தது. அவள் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் ஒரே மாத்திரையை உட்கொள்பவள். சிங்கப்பூர்க் கடிகாரத்தை அப்படியே பின்பற்றினால் விமானத்திலும் அமெரிக்காவிலும் வேளை மாறுவதே இல்லை, காலை மாத்திரை இரவு மாத்திரையாகப் பெயர் மாறுகிறது, அவ்வளவே. நாளுக்கு ஒரு முறை மட்டும் உட்கொள்ளும் இரத்த அழுத்த மாத்திரையும், இன்சுலினும் இப்படி எளிதில் அடங்குவதில்லை. அவற்றை எப்படி நகர்த்துவது என்பதைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டு, மணிக்கணக்காக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்துகளும் மருத்துவர் கடிதமும் கைப்பையில் இருக்க வேண்டும். இன்சுலினைச் சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து கெட்டுவிடக்கூடும். இன்னொன்று, உணவு வண்டி நம் வேளைக்கு வருவதில்லை. சாப்பாடு கைக்கு வந்த பிறகே மாத்திரையை வாயில் போடுவது என்று நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம். நீரிழிவுக்கான உணவையும் சைவ உணவையும் முன்கூட்டியே கேட்டு வைத்தாலும், கொஞ்சம் வறுத்த கடலையும் பிஸ்கட்டும் கையில் இருப்பது மன அமைதி தரும்.

விமானத்துக்குள் அந்தப் பதினெட்டு மணி நேரம் எப்படிக் கழிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நள்ளிரவை ஒட்டிச் சாங்கியிலிருந்து கிளம்புகிறோம். விளக்குகள் அணைந்து ஒரு தூக்கம் முடிந்து திரையைப் பார்த்தால் விமானம் ஜப்பானைத் தாண்டிக்கொண்டிருக்கும், சன்னல் ஓரத்தில் வெளிச்சம் கீறத் தொடங்கும். நாம் சூரியனை எதிர்கொண்டு போவதால் அந்தப் பகல் சுருங்கிவிடுகிறது. குளிர்காலப் பயணமொன்றில் நான் கண்விழித்துக் கவனித்தபோது, மதிய வேளை என்று சொல்வதற்கு எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை. மேகப் பரப்பின் மீது தாழ்வாகவே நின்ற சூரியன், அலாஸ்காவை நெருங்குவதற்குள் ஆரஞ்சு நிறமாகிச் சரிந்துவிட்டது. பிறகு மறுபடியும் இரவு, அந்த இரவிலேயே நியூவர்க்கில் இறங்குகிறோம். இரண்டு இரவுகளுக்கு நடுவே ஓர் அரைப் பகல் என்ற இந்த அமைப்பை உணர்ந்துகொண்டால் தூக்கத்தைத் திட்டமிடலாம். போய்ச் சேரும் ஊரின் இரவில் மட்டுமே தூங்குங்கள், முதல் பாதியில் விழித்திருங்கள் என்று பலரும் அறிவுரை சொல்கிறார்கள். இளைஞர்களுக்கு அது ஒத்துவரலாம். அறுபதைக் கடந்தவர்கள் நள்ளிரவில் கிளம்பி வலுக்கட்டாயமாக விழித்திருப்பது உடலை வருத்துவதைத் தவிர வேறு பயன் தருவதில்லை. நாங்கள் முதல் நான்கைந்து மணி நேரம் தூங்கிவிடுகிறோம், இடையில் வரும் அந்தச் சிறிய பகலில் எழுந்து நடந்து, படம் பார்த்து, பேசிக்கொண்டிருந்து, இறங்குவதற்கு முந்தைய இருட்டில் இன்னொரு தூக்கம் போடுகிறோம்.

விமான அறையின் காற்று மிகவும் வறண்டது. தொண்டையும் கண்ணும் மூக்கும் காய்வது அதனால்தான். கழிப்பறைக்கு அடிக்கடி எழ வேண்டுமே என்று தண்ணீரைத் தவிர்ப்பவர்கள், குறிப்பாக நம் வீட்டுப் பெண்கள், பெரும் தீங்கை வரவழைத்துக்கொள்கிறார்கள். நீண்ட நேரம் காலைத் தொங்கவிட்டு அசையாமல் இருந்தால் காலின் ஆழத்திலுள்ள இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து உண்டு. ஏற்கெனவே அப்படி வந்தவர்களும், அண்மையில் அறுவை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இத்தகைய பயணத்துக்குக் கிளம்பவே கூடாது. நடைபாதை ஓர இருக்கையை என் மனைவிக்கென்றே முன்பதிவு செய்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது அவள் எழுந்து வால்பகுதி வரை நடந்து, அங்கே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிவிட்டு, ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வருவாள். மருத்துவர் அளவெடுத்துச் சொன்ன அழுத்தக் காலுறையை வீட்டிலேயே அணிந்துகொண்டு கிளம்புகிறாள். ஏறிய பிறகு குனிந்து மாட்டுவது எளிதல்ல.

விடியற்காலையில் இறங்குவதால் முதல் நாள் முழுவதும் நம் முன்னே கிடக்கும். அன்றைக்கு விருந்தினர் சந்திப்பு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று மகளிடம் சொல்லிவிடுகிறோம். குளித்து, இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டுவிட்டு, வெயில் வந்ததும் அரைமணி நேரமாவது வெளியே நடக்கிறோம். உடலின் கடிகாரம் புதிய ஊருக்குத் திரும்புவதற்கு வெளிச்சத்தை விடச் சிறந்த மருந்து இல்லை. பகலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் படுப்பதில்லை. அப்படியிருந்தும் பன்னிரண்டு மணி நேர வேறுபாடு முழுவதுமாகச் சரியாக ஒரு வாரத்துக்கும் மேலாகிறது என்பதால், பத்து நாள் விடுப்பில் ஓடிப்போய் வருவதை வயதானவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு மாதமாவது தங்கும்படி போனால்தான் பேரப்பிள்ளைகளோடு தெளிவான மனத்துடன் இருக்க முடியும்.

திரும்பும் பயணத்தின் தேதிக் கணக்கு வேறு விதமானது. நியூவர்க்கிலிருந்து வெள்ளிக்கிழமை முற்பகலில் கிளம்பினால் சிங்கப்பூரில் இறங்கும்போது சனிக்கிழமை மாலையாகியிருக்கும். வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, வழக்கமான நேரத்தில் படுத்துவிடலாம் என்பதால் இந்தத் திசை எங்களுக்கு எளிதாகவே இருக்கிறது. போகும்போதுதான் கவனம் தேவை. புறப்படும் நேரம் நள்ளிரவைத் தாண்டி, எடுத்துக்காட்டாக ஞாயிறு 00:10 என்று சீட்டில் இருந்தால், சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கே சாங்கியில் இருக்க வேண்டும். எங்கள் அடுக்குமாடியிலேயே ஒரு குடும்பம் ஞாயிறு இரவு பெட்டிகளோடு போய், விமானம் முந்தைய இரவே போய்விட்டதை அறிந்து திரும்பி வந்தது. அதிலிருந்து நாங்கள் சீட்டு வாங்கிய அன்றே, வீட்டை விட்டுக் கிளம்பும் கிழமையையும் மணியையும் தனித்தாளில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, அதையே படமெடுத்து மகளுக்கும் அனுப்பிவிடுகிறோம். அவள் பக்கத்தில் அது எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதையும் அதே தாளில் கீழே எழுதியிருப்போம்.